சுவாமியார் இல்லாத கோயில்

உப்புக்கரை வேதம் – 9

கற்பிட்டிக் கோட்டை மதிலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முருகைக்கல்லில் படிந்த உப்பு விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் கட்டி முடித்த கோட்டை அது. இன்று கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே பழைய சிற்றாலயம் ஒன்றின் சுவர்கள் நிற்கின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் யேசு சபைக் குருக்கள் வைத்திருந்த கோயில் அது என்றும், அதைச் சுற்றி வளைத்துத்தான் ஒல்லாந்தர் கோட்டை எழுப்பினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சுவர்கள் என் மனதை விட்டுப் போகவில்லை. கோயில் கோட்டைக்குள் அகப்பட்டுக்கொண்டது. குருக்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். பூசை நின்றது, பாவசங்கீர்த்தனம் நின்றது, திருநாள் நின்றது. இவ்வளவும் போன பிறகு கற்பிட்டியிலும் புத்தளத்திலும் சிலாபத்திலும் வேதக்காரர் என்று ஒரு கூட்டம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது? போர்த்துக்கேயர் வெளியேறிய கதையோடு சென்ற இதழை முடித்தேன். ஒல்லாந்தர் வந்து சேர்ந்ததிலிருந்து பிரித்தானியர் தடையை நீக்கியது வரைக்கும் ஏறக்குறைய 150 வருடம். ஐந்து ஆறு தலைமுறை. அந்தத் தலைமுறைகளின் கையில் மிஞ்சியிருந்தது செபம் ஒன்றுதான்.

1658 செப்ரெம்பர் 19 ஆம் திகதி ஒல்லாந்தர் ஒரு கட்டளை பிறப்பித்தார்கள். கத்தோலிக்கக் குருவானவரை வீட்டில் வைத்திருப்பவருக்கும் ஒளித்துவைப்பவருக்கும் மரண தண்டனை. பின்னாளிலும் இதே கட்டளையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஒருதரம் சொன்னது போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் ஒல்லாந்தரின் கெடுபிடி மரண தண்டனையில் மட்டும் இருக்கவில்லை. அவர்கள் கணக்கு எழுதுகிற ஆட்கள். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வைத்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியரின் கையில் தோம்பு இருந்தது. பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம், கலியாணம், எல்லாம் சீர்திருத்த சபையின் முறைப்படி நடந்து தோம்பில் ஏறினால்தான் அந்தப் பிள்ளைக்குத் தகப்பனின் சொத்தில் உரிமை. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைக்காகத் தகப்பன் தண்டம் கட்ட வேண்டும். காணித் துண்டையும் தென்னையையும் பிள்ளைக்கு விட்டுப் போக விரும்பும் எந்தத் தகப்பனும் அந்தப் படியை ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஆகவே இந்தக் கரையின் பிள்ளை பகலில் ஒல்லாந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு கர்த்தர் செபத்தைப் படித்தது. இரவில் வீட்டில் தாயின் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் சொன்னது. ஒரே நாவில் இரண்டு செபம். ஒல்லாந்தச் சபையின் செபத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. அவர்களும் தமிழில் செபிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்தான். கொழும்பில் அவர்கள் நிறுவிய அச்சகத்தில் 1737 இல் அச்சான சிங்களச் செபப் புத்தகமே சிங்களத்தில் அச்சேறிய முதல் நூல். தமிழரான பிலிப்பு தெ மெல்லோ தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சானது. அந்த உழைப்பை மறுக்க முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்துச் செபத்தோடு தோம்பும் தண்டமும் கூடவே வந்தன. இரவுச் செபத்துக்கு யாரும் தண்டம் வைக்கவில்லை. சொன்னால்தான் ஆபத்து, சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் சொன்னார்கள். அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இந்த இரவுச் செபத்தை நடத்தியவர் அண்ணாவி. கூத்துப் பழக்குகிறவரை அண்ணாவியார் என்று சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் ஒரு காலத்தில் அதே பெயர்தான். அதே சொல் ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் செபம் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் நின்றது. பாட்டையும் வசனத்தையும் வாயாலே சொல்லி மற்றவர் வாயில் ஏற்றிவைப்பவர் என்ற பொருளில் மூன்றும் ஒன்றுதான். அவருக்கு மேலே ஊரின் காரியங்களைப் பார்க்க மூப்பர் ஒருவர் இருந்தார். மூப்பர் கோயிலின் கையென்றால் அண்ணாவி அதன் குரல்.

அண்ணாவி செய்த வேலையை ஒருதரம் நிதானமாக எண்ணிப் பார்ப்போம். ஞாயிறு வந்தால் ஊரவரை ஒரு வீட்டிலோ ஓலைக் கொட்டிலிலோ கூட்டுவார். செபமாலை சொல்வார், பிரார்த்தனை சொல்வார், கையில் ஏடு இருந்தால் அன்றைய சுவிசேஷத்துக்குரிய பகுதியை வாசிப்பார். பிள்ளைகளுக்கு மந்திரங்களைப் படிப்பிப்பார். பிறந்த குழந்தை பிழைக்காது என்று மருத்துவிச்சி கையை விரித்தால் ஓடிப்போய் நெற்றியில் தண்ணீர் ஊற்றுவார். சாகக் கிடப்பவரின் காதருகே குனிந்து உத்தம மனஸ்தாபத்தைச் சொல்லிக்கொடுப்பார். குருவானவர் இல்லை, அவஸ்தைபூசுதல் இல்லை, கடைசிப் பூசை இல்லை. போகிற உயிருக்குக் கிடைத்த வழித்துணை அந்தக் குரல் மட்டுமே. செத்த பின்பு குழியடியில் நின்று செபம் சொல்லுகிறவரும் அவர்தான். மறுநாள் காலை கரைவலையில் கயிறு பிடித்து இழுக்கிறவர்களில் ஒருவராகவும் அவரே நின்றிருப்பார்.

இங்கே ஒரு கேள்வி எழும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஊரில், புத்தகம் இல்லாத காலத்தில், இத்தனை செபங்கள் எப்படி நின்றன? மனப்பாடமாக நின்றன என்றால், அந்த மனப்பாடம் எங்கிருந்து வந்தது? இதற்கு நாம் கடலைத் தாண்டி முத்துக்குளித்துறைக்குப் போக வேண்டும். 1542 இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கேயமும் தெரிந்தவர்களை உட்கார வைத்து விசுவாச மந்திரத்தையும் கர்த்தர் செபத்தையும் பிரியதத்தத்தையும் தமிழாக்கி, அதைத் தாமே மனப்பாடம் செய்து, ஊர் ஊராகப் போய் உரக்கச் சொல்லி, மக்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கசின் பணி அது. அதற்கும் முன்னர், 1554 இல், லிஸ்பன் நகரில் ஒரு சிறு செபப் புத்தகம் அச்சாயிற்று. தமிழ்ச் செபங்கள், ஆனால் உரோமன் எழுத்தில். தமிழ் ஒலிக்குப் பக்கத்திலேயே போர்த்துக்கேயப் பொருள். அதை ஆக்கியவர்கள் முத்துக்குளித்துறையிலிருந்து அங்கே போன தமிழர் மூவர். அவர்கள் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன: வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமே த குரூஸ். தமிழ் அச்சின் கதையே செபத்தில்தான் தொடங்குகிறது. வாசகர்கள் இந்த லிஸ்பன் புத்தகத்தை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் அது திரும்பி வரும்.

தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையில் வள்ளங்கள் போய்வந்த காலம். அந்தத் தமிழ்ச் செபங்கள் எங்கள் கரைக்கும் வந்தன. பூசை இலத்தீனில் நடந்தது. வீட்டுச் செபம் தமிழில் நடந்தது. இலத்தீன் தெரிந்தவர்கள் கப்பலேறிப் போனபோது பூசையும் கூடவே போயிற்று. தமிழ் தெரிந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள்.

இனி யோசேவ் வாஸ் அடிகளார். 1651 இல் கோவாவின் பெனாலிம் ஊரில் பிறந்தவர், 1676 இல் குருவானவர். இலங்கையில் கத்தோலிக்கர் குருவானவர் இல்லாமல் தவிக்கிறார்கள் என்ற செய்தி அவரை உறங்கவிடவில்லை. யோவான் என்ற துணையாளோடு கூலிக்காரர் வேடத்தில் 1687 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடன் வயிற்றுக்கடுப்பு அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. பிழைத்து எழும்பிய பிறகு அவருக்கு முன்னால் நின்றது ஒரே சிக்கல்: இந்த ஊரில் கத்தோலிக்கர் யார், எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, பதில் சொன்னவருக்கும் ஆபத்து.

அவர் செய்த காரியம் இந்த வரலாற்றில் நான் மிகவும் நேசிக்கும் காட்சி. பெரிய செபமாலை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். ஒன்றும் பேசவில்லை. படலையைத் திறப்பவரின் முகத்தை மட்டும் பார்த்தார். சிலர் பிச்சை போட்டார்கள், சிலர் விரட்டினார்கள். செபமாலையைக் கண்டதும் கண் நிலைத்து நின்றவர்கள் இருந்தார்கள். பிச்சைக்காரனின் கையைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தவர்கள். குருவானவர் ஒருவரையும் காணாமல் ஏறக்குறைய முப்பது வருடம் போயிருந்தது. ஆனாலும் அந்த மணிகள் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்தது. காரணம், இரவில் அவர்களும் அதே மணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மணி இல்லாதவர்கள் விரலை எண்ணினார்கள். பிறகு சில்லாலை ஊரார் அவரைத் தங்களிடம் வைத்துக் காப்பாற்றியது எல்லோரும் அறிந்தது.

1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றி வளைத்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள். வாஸ் அடிகளார் தப்பினார். அதன் பின் அவர் வந்த இடம் புத்தளம்.

ஏன் புத்தளம்? இதை விளங்கிக்கொள்ள நம் கரையின் படத்தைக் கண் முன்னால் விரிக்க வேண்டும். மேற்கே பெருங்கடல், கிழக்கே களப்பு, நடுவில் தெற்கு வடக்காக நீண்ட மணல் திடல்தான் கற்பிட்டித் தீபகற்பம். அதன் வடமுனைப் பக்கத்தில், களப்புக்குள் வள்ளம் நுழைகிற வாயைக் காவல் காக்கும்படி ஒல்லாந்தக் கோட்டை. களப்பின் மறுகரையில் புத்தளம். அது அன்று கண்டி அரசனின் நிலம், அவனுடைய துறை. பாக்கு அங்கிருந்து போகும், துணி அங்கே வந்திறங்கும், அந்த வணிகம் பெரிதும் முஸ்லிம் மக்கள் கையில். அந்தத் துறையின் குரல்வளையில் கை வைத்திருக்கத்தான் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். ஆக, ஒரே களப்பின் ஒரு கரையில் குருவானவருக்கு இடம் கொடுத்தால் மரணம், மறு கரையில் தடையில்லை. நடுவில் இருந்தது வள்ளத்தில் கடந்துவிடக்கூடிய தண்ணீர். புத்த சமயத்தைப் பேணிய கண்டி அரசனின் நிழலில்தான் இலங்கைக் கத்தோலிக்கம் மூச்சு விட்டது என்பதை நன்றியோடு எழுதி வைக்க வேண்டும்.

புத்தளத்தில் தங்கியிருந்து 1692 இல் அவர் கண்டிக்குப் போனதும், போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டதும், பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆதரவைப் பெற்றதும், மழை வேண்டிச் செபித்ததும் தனி அத்தியாயத்துக்குரியவை. இங்கே எனக்கு வேண்டியது வேறு. அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து ஒரட்டோரியன் சபைக் குருக்கள் வரத் தொடங்கிய பிறகும் அவர்களின் எண்ணிக்கை கைவிரலுக்குள் அடங்கியது. தீவு முழுவதும் சிதறிக் கிடந்த ஊர்கள். ஓர் ஊருக்குக் குருவானவர் வருடத்தில் ஒருமுறை வந்தால் பாக்கியம். வந்தாலும் இரவில் வந்து விடியுமுன் போக வேண்டும். அந்த ஒரு நாளில் ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், பூசை, கலியாணம் எல்லாம் நடந்தேறும். மற்ற நாட்கள் எல்லாம் அண்ணாவியின் நாட்கள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே வந்த மூப்பர், அண்ணாவி ஏற்பாட்டை வாஸ் அடிகளார் ஊருக்கு ஊர் ஒழுங்குபடுத்தி நிறுத்தினார். தாம் இல்லாத நாட்களுக்காகத் திருச்சபையைத் தயார்படுத்தியவர் அவர். அவருடைய எத்தனையோ பெருமைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். 1711 சனவரி 16 இல் கண்டியில் அவர் கண்ணை மூடியபோதும் ஊர்களில் அந்திச் செபம் நிற்கவில்லை. 2015 சனவரி 14 இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அங்கே கூடிய பெருங்கூட்டத்தில் பெயர் தெரியாத அந்த அண்ணாவிமாரின் வம்சத்தார் எத்தனை பேர் நின்றார்களோ.

அண்ணாவிக்கு வாசிக்க ஏடு வேண்டுமே. அதைக் கொடுத்தவர் சாங்கோபாங்க சுவாமிகள் என்று நம்மவர் பெயரிட்டு அழைத்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார். 1705 இல் இலங்கை வந்தவர். தமிழையும் சிங்களத்தையும் பண்டிதர் மெச்சும்படி கற்று இரண்டு மொழியிலும் நூல்களை எழுதிக் குவித்தார். எழுத்தர்களை வைத்துப் பிரதியெடுப்பித்து ஊர்களுக்கு அனுப்பினார். அவருடைய கடைசிக் காலம் கழிந்தது இந்த மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள போலவத்தையில். 1742 யூலை 17 இல் அங்கேயே காலமானார். குருவானவர் இல்லாத ஊரில் அவருடைய ஏடு குருவானவரின் இடத்தில் நின்று பேசியது.

அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ தபசு காலத்தில் இன்றும் ஈழத்துத் தமிழ்க் கோயில்களில் வாசிக்கப்படுகிறது. வாசிக்கப்படுகிறது என்ற சொல் போதாது. ஒப்பாரியின் இழுவையோடு, மூச்சை நீட்டி, ஒருவர் சொல்லி முடிக்குமுன் கோயில் முழுவதும் விம்மத் தொடங்கும். சாவீட்டில் தாய் மகனுக்காக அழுகிற அழுகை எப்படியோ அப்படியே மாதா யேசுவுக்காக அழுகிறாள். கடலில் பிள்ளையைக் கொடுத்த தாய்மார் நிறைந்த கரை இது. அவர்களுக்கு அந்தப் பிரசங்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளையாக நான் அதைக் கேட்டது ஒரு பெரிய வெள்ளியில். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் கண்ணைத் துடைக்கவே இல்லை. தாடியிலிருந்து கண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. செபம் என்பது கேட்டுப் பெறுவது மட்டும் அல்ல என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதே காலத்தில் உலகின் இன்னொரு கரையில் இன்னொரு கூட்டம் இதேபோல் செபித்துக்கொண்டிருந்தது. யப்பானில் 1614 இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. குருக்கள் எல்லோரும் போன பின்பு நாகசாக்கியைச் சுற்றியிருந்த தீவுகளிலும் மீனவ ஊர்களிலும் மக்கள் ஒளித்துச் செபித்தார்கள். 1865 மார்ச்சில், புதிதாகக் கட்டப்பட்ட ஊரா கோயிலுக்கு வந்த சில ஊரார் பிரெஞ்சுக் குருவானவர் பெத்திஜானிடம் தாங்களும் அதே நம்பிக்கையைக் கொண்டவர்கள் என்று மெதுவாகச் சொன்னார்கள். இருநூற்றைம்பது வருட மௌனம் அன்று உடைந்தது. அங்கேயும் ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், செபத்தை நடத்த ஒருவர் என்று ஊரே ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு. அவர்களுடைய செபங்களில் இலத்தீனும் போர்த்துக்கேயமும் ஏராளமாகக் கலந்திருந்தன. தலைமுறை போகப் போகச் சொற்கள் உருமாறிப் பொருள் தெரியாத ஒலிகளாயின. பொருள் தெரியாவிட்டாலும் ஓர் எழுத்தும் விடாமல் சொல்லி வந்தார்கள். எங்கள் கரையில் அப்படி நேரவில்லை. இங்கே செபம் வீட்டுப் பேச்சின் மொழியிலேயே இருந்தது. மந்திரத்தைச் சொன்ன மீனவப் பெண்ணுக்குத் தான் என்ன கேட்கிறாள் என்று தெரியும்.

பிரித்தானியர் 1795 இல் கற்பிட்டியைப் பிடித்தார்கள். 1806 இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மேலிருந்த தடைகளை நீக்கினார். 1847 இல் அமலமரித் தியாகிகள் வந்தார்கள். கல்லால் கோயில்கள் எழும்பின. தலவில புனித அன்னம்மாள் ஆலயம் 1843 இல் கட்டி முடிந்தது. தலவில கதையும் ஒரு செபத்தில்தான் தொடங்குகிறது. வழிப்போக்கனான ஓர் ஏழைப் போர்த்துக்கேயன் ஆலமரத்தடியில் தூங்கிக் கனவு கண்டான் என்பார்கள் சிலர். கப்பலுடைந்து கரையொதுங்கிய வணிகன் ஒருவன் சுருவத்தை மரத்தடியில் வைத்து வேண்டிக்கொண்டான் என்பார்கள் வேறு சிலர். எது நடந்திருந்தாலும் முதலில் மரமும் முழந்தாளும், பிறகுதான் கோயில். இன்றும் திருநாட்காலத்தில் தலவில காட்டில் கொட்டில் போட்டுத் தங்குகிறவர்களைப் பாருங்கள். சமையல் அடுப்புக்குப் பக்கத்திலேயே மெழுகுதிரி, சுற்றிலும் குடும்பம், தமிழிலும் சிங்களத்திலும் செபமாலை. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வந்து அன்னம்மாளின் முன்னால் கைகூப்புகிறார்கள்.

குருக்கள் வந்தது பெரும் பேறு. பூசையே திருச்சபையின் நடுநாயகம், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். குருக்கள் வந்த பிறகு அண்ணாவியின் குரல் மெல்ல மெல்லத் தணிந்தது. ஊர் தானே செய்துகொண்டிருந்ததைச் சுவாமியார் செய்வார் என்று காத்திருக்கப் பழகியது. வீட்டில் சொல்ல வேண்டியதைக் கோயிலுக்கு விட்டுவிட்டோம். வாடியடித்துத் தங்கும் மீன்பிடிக் குடும்பங்களில் அது குறைவாகவே நடந்தது. பருவத்துக்குப் பருவம் கரை மாறி, பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் மாதக்கணக்கில் இருப்பவர்களுக்குப் பங்குக் கோயில் தூரம். ஆகவே அந்திச் செபம் அவர்களோடு வள்ளத்தில் ஏறிப் போனது, வாடியில் இறங்கியது.

2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பின், நாடெங்கும் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஞாயிறு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையின் பூசையை மக்கள் வீட்டில் தொலைக்காட்சியில் கண்டார்கள். மறு வருடம் கொரோனா வந்து 2020 மார்ச்சில் கோயில் கதவுகள் மறுபடி சாத்தப்பட்டன. சிலாபத்துக்கு வடக்கே ஓர் ஊரில் ஊரடங்கு நாட்களில் ஒவ்வொரு நாளும் மாலை ஆறரைக்கு முதல் வீட்டில் ஒருவர் உரக்கச் செபமாலை தொடங்குவார், வேலிக்கு அப்பால் அடுத்த வீடு பதில் சொல்லும், அதற்கடுத்த வீடு தொடரும், இப்படியே ஒழுங்கை முழுவதும் போகும் என்று எனக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டபோது 1658 எனக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

அந்த ஊருக்குப் பிறகு போனேன். அங்கே இப்போது பேச்சு சிங்களம். சிலாபத்திலிருந்து தெற்கே நீர்கொழும்பு வரை பல கத்தோலிக்க ஊர்களின் கதை இது. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னர் தமிழ் பேசிய குடும்பங்கள். 1939 இல் சிலாபம் தனி மறைமாவட்டமானது. 1940 முதல் 1972 வரை ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகையின் காலத்தில் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் சிங்களம் வேரூன்றியது. பிறகு வீட்டிலும் அதுவே. அருகிலுள்ள உடப்பில் திரௌபதை அம்மன் கோயிலைச் சுற்றித் தமிழ் நிலைத்துவிட்டது. கத்தோலிக்க ஊர்களில் அப்படி நிலைக்கவில்லை. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் தமிழ் போகாமல் நின்றது.

விளக்கு வைக்கிற நேரம். திண்ணையில் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர். பேரப்பிள்ளைகளைச் சிங்களத்தில் அதட்டிக் கூப்பிட்டார். மாதா சுருவத்துக்கு முன்னால் இருந்த எண்ணெய் விளக்கைக் கொளுத்தி, சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கினார். தமிழ். அதுவும் இன்றைய செபப் புத்தகத் தமிழ் அல்ல, பழைய பிரியதத்த மந்திரம். பிள்ளைகள் பதில் சொன்னார்கள், தமிழிலேயே, ஒரு தடங்கலும் இல்லாமல்.

செபம் முடிந்ததும் கேட்டேன்: “ஆச்சி, பிள்ளைகளுக்கு இது விளங்குமா?”

“எனக்கு விளங்கும் மகன். இதுகளுக்கு விளங்காது. எங்கட அம்மா சொன்னத நான் சொல்றன், நான் சொல்றத இதுகள் சொல்லுது.”

மூத்த பேத்தி உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட கொப்பி. பக்கம் பக்கமாகச் சிங்கள எழுத்து. எனக்குத் தெரிந்த அளவு சிங்களத்தைக் கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். சிங்களமல்ல, தமிழ்ச் செபம். ஆச்சி சொல்லச் சொல்ல அவள் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். விசுவாச மந்திரம், பிரார்த்தனை, சாகிறவர்களுக்கான செபம், எல்லாம் இருந்தன. ஆச்சி போன பிறகு யார் சொல்வது என்று கேட்டாளாம், அதனால் எழுதினாளாம். லிஸ்பனில் உட்கார்ந்து உரோமன் எழுத்தில் தமிழை எழுதிய அந்த மூவரின் ஞாபகம் வந்து என் நெஞ்சு அடைத்துவிட்டது.

வாழ்க என்ற சொல் வந்த இடங்களிலெல்லாம் ஓர் எழுத்தின் மேல் பென்சிலால் சிறு புள்ளி வைத்திருந்தாள். அது என்ன புள்ளி என்றேன். சிங்களத்தில் ழகரத்துக்கு எழுத்தில்லை, ளகரத்தைத்தான் போட வேண்டியிருந்தது. பேச்சில் ஆச்சிக்கும் ளகரம்தான். செபத்தில் மட்டும் அவருடைய நாக்கு மடிந்தது. அதைப் பேத்தி கவனித்திருக்கிறாள். புள்ளி கண்ட இடத்தில் நாக்கை மடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே வைத்துக்கொண்ட அடையாளம் அது. சொல்லிக் காட்டச் சொன்னேன். முதல் தடவை வரவில்லை. ஆச்சி திண்ணையிலிருந்தபடியே அந்தச் சொல்லைச் சொன்னார். அவள் திரும்பவும் சொன்னாள்.

(தொடரும்)